அந்தக் காலத்தின் அளவுகோல்

(கான்சாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், வரலாறு என்று ஒரு பொருளை எடுப்பது வழக்கம். சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்ட அறக்கட்டளையாருக்கு முதல் நன்றி. தமிழ்நாட்டில் கடந்த நூறாண்டுகளாக நம் மக்கள் அதிகமாகப் பேசியதும், பாடியதும், சண்டை போட்டதும் சினிமாவை வைத்துத்தான். அதைப் பற்றிப் பொறுப்போடு யோசிக்கவும் ஒரு மேடை வேண்டும்.

பழைய படங்களை இன்று மறுபடி பார்க்கும்போது அவை தாக்குப் பிடிக்கின்றனவா? இதுதான் என் கேள்வி. இன்று எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி எழுகிறது. தாத்தா ரசித்த படத்தைப் பேத்தி கைப்பேசியில் பார்க்கிறாள், பாதியில் நிறுத்திவிட்டு, “இதையா கொண்டாடினீர்கள்?” என்று கேட்கிறாள். தாத்தாவின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அந்தக் காலம் அப்படி, அம்மா.”

இந்தப் பதிலைத்தான் இன்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்றைய அளவுகோலைக் கொண்டு அன்றைய படத்தை அளக்கக் கூடாது என்பது நியாயமான பேச்சாகத் தெரிகிறது. சரி, இன்றைய அளவுகோலை ஒதுக்கிவைப்போம். அன்றைய அளவுகோலையே எடுப்போம். அந்தக் காலம் உண்மையில் அப்படித்தான் இருந்ததா? எல்லாரும் அப்படியே நினைத்தார்களா? வேறு மாதிரி நினைத்தவர்கள், வேறு மாதிரி படம் எடுத்தவர்கள் அப்போதே இருந்தார்களா?

காதால் பார்த்த படங்கள்

அதற்கு முன், நம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சினிமா வந்த வழியைச் சொல்ல வேண்டும். டூரிங் டாக்கீஸ் கொட்டகை, மணல் தரை, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஒரே ஒரு புரொஜெக்டர். ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. படப்பெட்டி வந்ததா இல்லையா என்பதே ஊரில் ஒரு செய்தி. பட்டணத்தில் ஓடி முடிந்த படம் தேய்ந்து, கீறல் விழுந்து, சில காட்சிகள் அறுந்து இங்கே வந்து சேரும்.

பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கியில் கதை வசனம் ஒலிக்கும். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். ‘பராசக்தி’ (1952), ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் வசனத்தை ஒரு தடவைகூடப் படத்தைப் பார்க்காதவர்களும் ஒப்பித்தார்கள். 1980களில் கேசட் வந்தபின் ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் தேநீர்க் கடை தோறும் ஓடியது.

படத்தை முழுதாக ஒரு தடவை பார்த்து, துண்டு துண்டாகப் பல நூறு தடவை கேட்டவர்களின் மனத்தில் தங்குவது அதன் உச்சக் காட்சிகள்தான். நடுவில் யார் அடிபட்டார்கள், யார் வாய் திறக்கவே இல்லை என்பதெல்லாம் நினைவிலிருந்து கழன்றுவிடுகிறது. ஆகவே பழைய படத்தை மறுபடி முழுதாகப் பார்ப்பது பலருக்கு உண்மையில் முதல் தடவை பார்ப்பதுதான். பேத்தி முழுப் படத்தைப் பார்க்கிறாள். தாத்தா நினைவில் உள்ள படத்துக்காக வாதாடுகிறார். இருவரும் இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

1939: ஒரு மனைவியின் பதில்

இப்போது அளவுகோலைத் தேடுவோம். மிகப் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

கே.சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ 1939இல் வெளியானது. கல்கியின் கதை, ஆனந்த விகடனில் படத்தின் காட்சிப் படங்களோடு தொடராக வந்தது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும் எஸ்.டி.சுப்புலட்சுமி அவர் மகள் சாவித்திரியாகவும் நடித்தார்கள். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னாளில் உமாராணி என்ற பெயரில் செல்வந்தராகத் திரும்பி வருகிறாள். அப்போது கணவன் அவளைத் தன்னோடு சேர்த்துவைக்கக் கோரி நீதிமன்றம் போகிறான். அவள் மறுக்கிறாள். அதோடு நிற்கவில்லை, வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்.

1939இல் ஒரு தமிழ்ப் படத்தில், நிறைந்த கோர்ட்டில், மனைவி கணவனுக்குச் சொல்லும் பதில் இது. இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமை தந்த திருமணச் சட்டம் வருவதற்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. தேசிய இயக்கத்தை வெளிப்படையாக ஆதரித்ததால் ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது.

அதே படத்தில் இன்னொரு காட்சி. புயல் மழையில் குடிசை இழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம்பு சாஸ்திரி தம் மாட்டுக் கொட்டகையில் இடம் தருகிறார். அக்ரகாரம் அவரைச் சாதிப் புறக்கணிப்பு செய்கிறது. படம் வெளியான அதே ஆண்டு ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத அய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. நம் பக்கத்துத் தெருக்களில் கொதித்துக்கொண்டிருந்த கேள்வியைத்தான் படம் கையில் எடுத்தது.

அந்தக் காட்சி இன்றைக்கு முழுதாக நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். அடைக்கலம் தருபவருக்கு முகமும் பெயரும் பாட்டும் இருக்கின்றன. அடைக்கலம் பெறுபவர்கள் ஒரு கூட்டமாக வந்து போகிறார்கள். சாவித்திரிக்குக் கிடைத்த நாவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே படத்தில் ஒரு பகுதி முன்னே ஓடுகிறது, ஒரு பகுதி நின்றுவிடுகிறது. பழைய படத்தைப் பார்ப்பதென்றால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது.

1972க்கும் 1978க்கும் நடுவில்

1939இல் சாவித்திரி இப்படிப் பேசினாள். அங்கிருந்து 33 ஆண்டுகள் தாண்டி 1972க்கு வாருங்கள். பி.மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’. சோழவந்தான் மூக்கையனாகச் சிவாஜி, வெளிநாட்டில் படித்த கல்பனாவாக ஜெயலலிதா. கறுப்பு வெள்ளையில் வந்து மாபெரும் வெற்றி கண்ட படம். தேசிய விருதும் பெற்றது. எம்.எஸ்.விஸ்வநாதனின் இசையும் அந்த இருவரின் நடிப்பும் இன்றும் உட்கார வைக்கின்றன. ஆனால் கதை என்ன? படித்த மனைவியின் திமிரை அடக்கிக் கிராமத்துக் குடும்பப் பெண்ணாக மாற்றுவது. கணவன் கை ஓங்குவதைப் படம் தவறாகக் காட்டவில்லை. அதை மருந்தாகக் காட்டியது. கொட்டகையில் அந்த அடிக்குத்தான் கைதட்டல் விழுந்தது.

“அந்தக் காலம் அப்படி” என்று இங்கே சொல்லலாமா? அடுத்த சில ஆண்டுகளைப் பாருங்கள். 1974இல் கே.பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’. குடும்பம் முழுவதையும் தன் சம்பளத்தில் தாங்கும் கவிதாவாகச் சுஜாதா. 1977இல் ஏ.பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ஜெயகாந்தனின் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. 1978 தீபாவளிக்கு ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, ஸ்ரீபிரியாவின் மஞ்சு. கெட்டவள் என்றும் நல்லவள் என்றும் அவளுக்கு முத்திரை குத்தப் படம் மறுத்துவிட்டது. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவரும் முற்போக்கு ஆணும்கூட அவளைப் புரிந்துகொள்ளத் தவறுகிறான் என்பதையும் அது காட்டியது.

‘அவள் அப்படித்தான்’ வெளியான சமயத்தில் ஓடவில்லை. இன்று திரைப்பட மாணவர்கள் தேடிப் பார்க்கிறார்கள். ஆக, மூக்கையனும் மஞ்சுவும் ஒரே காலத்துப் பிள்ளைகள். காலம் இரண்டு வழிகளையும் காட்டியது. ஒரு வழியில் கூட்டம் அதிகமாகப் போயிற்று, அவ்வளவுதான். கூட்டம் போன வழியை மட்டும் ‘அந்தக் காலம்’ என்று பெயரிட்டு அழைத்தால், மற்ற வழியில் தனியாக நடந்தவர்களுக்கு நாம் அநீதி செய்கிறோம். பேத்தி கேட்கும் கேள்வியை அன்றே கேட்டவர்கள் அவர்கள்.

முன்னே போனது பின்னே வந்தது

காலம் செல்லச் செல்லப் படங்கள் தாமாகவே நல்லறிவு பெற்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். 1984இல் வந்த ‘விதி’யை மறுபடி கேளுங்கள், இந்த முறை படத்தோடு. ஏமாற்றப்பட்ட ராதா கோர்ட்டுக்குப் போகிறாள். அவளுக்காக வழக்கறிஞராக வாதாடுபவர் சுஜாதா. வசனம் நீளம், நடிப்பு உரக்க, ஒலிப்பதிவு கரகரப்பு. இருந்தும் அதன் முதுகெலும்பு நிமிர்ந்து நிற்கிறது: வழக்கில் வென்ற பிறகு அவள் அவனோடு வாழச் சம்மதிப்பதில்லை. நம் ஊர்ப் பெண்கள் அந்தக் கேசட்டை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஐந்தே ஆண்டுகள் கழித்து 1989இல் பார்த்திபனின் ‘புதிய பாதை’. அதுவும் தேசிய விருது பெற்றது. பேச்சுமொழியிலும் சேரிக் காட்சிகளிலும் புதுமை செய்த படம். தன்னைச் சிதைத்தவனையே தேடிவந்து, மணந்து, திருத்துகிறாள் நாயகி. அவன் திருந்தியதில் படம் நெகிழ்கிறது. அவள் காயம் என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்த நெகிழ்ச்சியில் கரைந்துபோகிறது. வயதில் இளைய படம் மூத்த படத்தைவிடச் சீக்கிரம் கிழடுதட்டியிருக்கிறது. அதன் கலைத்திறனை மறுக்காமலே இதைச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

தெருவுக்கு வந்த படம்

இனி நம் பக்கத்துக்கு நெருக்கமான, பேசக் கடினமான ஒன்று. 1992இல் வந்த ‘தேவர் மகன்’. கமல்ஹாசனின் எழுத்து, பரதனின் இயக்கம், சிவாஜியின் கடைசிக் காலப் பெரும் நடிப்பு, இளையராஜாவின் இசை. திரைக்கதை அமைப்பில் இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. வெட்டுக்குத்தை விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதுதான் அதன் முடிவு.

தெரு அந்த முடிவை எடுத்துக்கொள்ளவில்லை; அதன் சாதிப் பெருமைப் பாட்டை எடுத்துக்கொண்டது. தென்மாவட்டங்களில் அந்தப் பாட்டு எந்த இடத்தில், யார் காதில் விழும்படி, எவ்வளவு சத்தமாகப் போடப்பட்டது என்பது இந்த அவையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990களில் சாதிக் கலவரம் நம் விருதுநகர் மாவட்டத்தைச் சுட்டது. 1997இல் இங்குள்ள அரசுப் பேருந்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி எழுந்த எதிர்ப்பும், அதன்பின் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்ததும் நம் நினைவில் இருக்கின்றன. இந்தக் கலவரங்களுக்கு ஒரு படம் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகும். ஆனால் அந்தச் சூழலில் அந்தப் பாட்டு வெறும் பாட்டாக ஒலிக்கவில்லை.

2023இல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, ‘தேவர் மகன்’ தமக்குத் தந்த வலியைப் பற்றி ‘மாமன்னன்’ இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எனக்கு அது ஒரு படத்துக்குத் தரக்கூடிய ஆழ்ந்த மரியாதையாகப் பட்டது. முப்பது ஆண்டுகள் ஒரு படத்தை மனத்தில் சுமந்து, அதற்குப் பதிலாக இன்னொரு படத்தையே எடுத்த ரசிகனைவிடப் பெரிய ரசிகன் யார்?

இங்கேயும் அந்தக் காலத்தின் அளவுகோலைத் தேடுவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். அந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ எடுத்தார். பண்ணையாரின் பெருந்தன்மையை நம்பாமல், கூலிக்காரரின் பக்கத்திலிருந்து கிராமத்தைப் பார்க்கும் கண் ‘தேவர் மகனுக்கு’ ஒன்பது ஆண்டுகள் முன்பே தமிழ்த் திரையில் இருந்தது.

எது பழசாகும், எது ஆகாது

கைவினையைப் பற்றியும் ஒரு சொல். இளைஞர்கள் பழைய படத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் காரணங்கள்: மெதுவாகப் போகிறது, நாடகம் மாதிரி இருக்கிறது, செட் என்று தெரிகிறது. இவை பழக்கத்தில் சரியாகிவிடும் தடைகள். எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்தைப் பாருங்கள். ஒரு பாட்டுகூட இல்லை. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். யார் கொன்றது என்பதை ஒவ்வொருவரும் தம் தம் பார்வையில் சொல்கிறார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இறுதிவரை நாற்காலியை விட்டு எழ முடியாது.

செட்டு என்றால் நம் ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். ஏ.பி.நாகராஜனின் ‘திருமால் பெருமை’ (1968) படத்தில் பெரியாழ்வாராகச் சிவாஜி, ஆண்டாளாகக் கே.ஆர்.விஜயா. ஆடிப்பூரத் தேர் இழுத்த கைகளுக்கு அந்த ஸ்டூடியோ நந்தவனம் பொம்மை வேலையாகத் தெரியலாம். அது குறையில்லை, கூத்திலும் நாடகத்திலும் வரைந்த திரையை ஏற்றுக்கொண்ட மக்கள்தான் நாம். கே.வி.மகாதேவனின் இசை ஒன்றே அந்தத் திரையை உயிர்ப்பித்துவிடுகிறது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. படத்தின் ஆண்டாள் அடக்கமான பக்தை. ‘நாச்சியார் திருமொழி’யின் ஆண்டாளோ கடவுளோடு வழக்காடுபவள், தன் உடலையும் ஆசையையும் ஒளிக்காமல் பாடியவள், மனிதர் எவருக்கும் மனைவியாக மாட்டேன் என்று ஊரறியச் சொன்னவள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் நம் ஊரில் எழுந்த குரலுக்கு 1968இன் படம் ஈடு கொடுக்கவில்லை. இந்த அளவுகோலை நான் வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை. மார்கழி தோறும் உங்கள் வீட்டுப் பெண்கள் பாடும் அதே ஆண்டாளிடமிருந்து எடுத்தேன்.

இன்னொரு வகைப் படம் உண்டு. 1990இல் சலம் பென்னூர்கர் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். விடியும் முன்னே பேருந்து வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் அது. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் நம் மாவட்டத்து முகங்கள். கலையழகு பற்றிய விவாதத்தையெல்லாம் தாண்டி அந்தப் படம் இன்று சாட்சியமாகிவிட்டது. 2006இல் வசந்தபாலனின் ‘வெயில்’, படம் பார்க்கப் போனதற்காக அப்பனிடம் கொடுமையான தண்டனை பெற்று ஓடிப்போன பையன் ஒரு தியேட்டரில் வளர்ந்து ஆளாவதைச் சொன்னது. விருதுநகர் மண்ணையும் சினிமாக் கொட்டகையின் மரணத்தையும் ஒருசேரப் பதிந்த படம். இத்தகைய படங்கள் ஆண்டுகள் கூடக்கூடக் கனம் பெறுகின்றன.

இல்லாத படத்தை யார் அளப்பது

படம் கையில் இருந்தால்தான் இவ்வளவும் பேசலாம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) போன்ற அரிதான ஒன்றுதான் தப்பிப் பிழைத்தது. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். வைத்த இடத்திலேயே பொடியாகிப் போகும். தீயில் போனது பாதி, அலட்சியத்தில் போனது பாதி.

காப்பாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1964இன் ‘கர்ணன்’ டிஜிட்டலில் செப்பனிடப்பட்டு 2012இல் மறுபடி வெளியானபோது இளைஞர்கள் தியேட்டரை நிறைத்தார்கள். 2024இல் ‘கில்லி’ திரும்ப வந்தபோது அரங்கம் திருவிழாவாயிற்று. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொண்டாட ஏற்ற படங்கள் மட்டுமே திரும்பி வந்தால் போதாது. ஓடாத ‘அவள் அப்படித்தான்’களும் நல்ல பிரதியில் திரும்பி வர வேண்டும். சந்தைக்கு அந்த அக்கறை இருக்காது. அரசும் பல்கலைக்கழகங்களும் நம்மைப் போன்ற ரசிகர்களும் கேட்டால்தான் நடக்கும்.

பழைய படத்தில் இன்று உறுத்தும் காட்சிகளை வெட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். வேண்டாம். அடித்த கையை வெட்டி எடுத்துவிட்டால், அடி வாங்கியவள் இருந்தாள் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்த நகைச்சுவையில் நாம் எத்தனை தலைமுறை சிரித்தோம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். முழுதாகக் காட்டுவோம், காட்டியபின் எழுந்து போகாமல் உட்கார்ந்து பேசுவோம்.

மூன்று வேண்டுகோள்

இந்த அவையிடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, இராசபாளையத்தில் குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்துக் காந்தி கலை மன்றம் உருவாக வழிசெய்தார். கலைக்கு இடம் கொடுத்த பக்கம் இது. கான்சாபுரத்திலும் ஒரு நூலக அறையோ பள்ளிக்கூட அறையோ போதும். மாதம் ஒரு பழைய படம், முழுதாக. முடிந்ததும் முதலில் பெண்கள் பேசட்டும், அடுத்து இளையவர்கள், கடைசியில் பெரியவர்கள். கொட்டகையில் பேசும் உரிமை வெகுகாலம் எந்த வரிசையில் இருந்ததோ, அதை ஒரு தடவை திருப்பி வைப்போம்.

இரண்டாவது, டூரிங் டாக்கீஸ் காலத்தை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புரொஜெக்டர் ஓட்டியவர், டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்றவர், கைக்குழந்தையோடு மணலில் உட்கார்ந்து பார்த்த தாய்மார்கள். எந்தக் காட்சிக்குச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள், எதைப் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று எல்லாருக்கும் சேர்த்து ஆண்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். தாய்மார்கள் வேறு சொல்லக்கூடும்.

மூன்றாவது, பரண்மேல் கிடக்கும் பாட்டுப் புத்தகம், பட நோட்டீஸ், கேசட் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகையவை ஆய்வுப் பொருளாகப் பாதுகாக்கப்படுகின்றன. ரோஜா முத்தையா கோட்டையூரில் தனியொருவராக இருந்து சேர்த்த சேகரிப்பிலிருந்து உருவான நூலகம் அது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. இன்று நீங்கள் விசிலடித்துக் கொண்டாடும் படங்களும் பழையனவாகும். ஐம்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அப்போது ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லித் தப்ப முடியாதபடி, மாற்றுக் குரல்களும் இதே காலத்தில்தான் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை இன்றே தேடிப் பாருங்கள். ஓடாமல் போகும் முன் டிக்கெட் வாங்கிப் பாருங்கள்.